ஜீப்பின் பின்னால் ஒட்டிய கொக்கி

ஐம்பதுகளில் நான் கல்முனையில் ஜீப் ஓட்டினேன். ஜீப் என்னுடையதல்ல, என் மனைவியின் மூத்த சகோதரருடையது. எனக்கு அவர் மச்சான். அவரிடம் ஒரு சிறிய நெல் ஆலை இருந்தது. உலக யுத்தம் முடிந்தபின் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டார்களல்லவா, அதில் யாரோ எடுத்து, இன்னொருவருக்கு விற்று, மூன்றாவது கையாக அந்த ஜீப் எங்களிடம் வந்தது. பின்னால் இழுவைப் பெட்டி கொளுவி இழுக்கும் கொக்கியை முந்திய சொந்தக்காரர்களில் ஒருவர் கழற்றி எடுத்துவிட்டிருந்தார். நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

அறுவடை தொடங்கியபோது மச்சான் எங்கிருந்தோ ஒரு இரட்டைச் சில்லுப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாட்டுவண்டி இரண்டு நாளில் ஏற்றும் நெல்லை ஒரே நாளில் ஏற்றிவிடலாம் என்று அவருக்குக் கணக்கு. கொக்கி போட நான் ஜீப்பை வெல்டிங்காரரிடம் கொண்டுபோனேன். அவர் மெதடிஸ்த கோயிலுக்குப் போகும் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

“தம்பி, இந்தத் தகடு மெல்லிசு. சும்மா ஒட்டினா ஒட்டு நிக்கும், தகடு கிழிஞ்சிரும். உள்ளுக்குத் தடிச்ச மொத்தத் தகடு வெச்சு, சேஸியோட சேத்து போல்ட்டுப் போட்டு இறுக்கணும். மூண்டு நாள் வண்டிய விடுங்க.”

“மூண்டு நாள் ஏலாது அண்ணன். வட்டைக்குள்ள நெல்லு குமிஞ்சி கிடக்கு. மழ வந்தா என்ன செய்யிற? இப்ப ஒட்டித் தாங்க. வெட்டு முடிய, கொண்டுவந்து விடுறன்.”

அவர் வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தார். பிறகு, “அப்ப சங்கிலி கட்டாம ஓடாதீங்க. கொக்கி விட்டாலும் சங்கிலி புடிக்கும். பெட்டியையும் அரசாங்கக் கச்சேரியில பதியணும் எண்டு கேள்வி. பொலிஸ் மறிச்சா நான் பொறுப்பில்ல” என்றார்.

“ஓம் ஓம்” என்றேன். ஒரு மணித்தியாலத்தில் ஒட்டித் தந்தார்.

முதல் வாரம் ஒழுங்காகச் சங்கிலி கட்டினேன். சுபஹுத் தொழுகை முடிந்ததும் வயல் வட்டைக்குப் போனால், பொழுதுபடும் மஃரிபுக்குள் ஐந்து நடை, ஆறு நடை. ஒவ்வொரு நடைக்கும் பெட்டியைக் கழற்றி, திருப்பி, மறுபடி கொளுவ வேண்டும். சங்கிலியின் பூட்டுக்குள் சேறு ஏறிக் காய்ந்துவிடும். விரலால் நோண்டி எடுத்தால்தான் பூட்டும். இரண்டாம் வாரம் என் கைகள் வீங்கிப்போயின. ஒருநாள் கடைசி நடைக்குச் சங்கிலி கட்டாமல் வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் இரண்டு நடை அப்படி வந்தேன். பிறகு சங்கிலி சீட்டுக்குக் கீழேயே கிடந்தது. அதைப் பற்றி நான் யோசித்ததாகவும் ஞாபகமில்லை. யோசிக்கிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம், அசர் நேரம். சம்மாந்துறையிலிருந்து காரைதீவுக்கு வரும் வழியில், வயல் தண்ணீருக்கு மேலால் போகும் தாம்போதியில் ஏறினேன். கொங்கிறீட் தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. முன்சில்லு விழுந்து எழும்பியது, பின்சில்லு விழுந்து எழும்பியது. அதன் பிறகு ஜீப் திடீரென்று இலேசாகி முன்னால் பாய்ந்தது. அந்த ஒரு கணம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

கொக்கி, தகட்டோடு கிழிந்து வந்திருந்தது. பெட்டியின் ஏர்க்கால் நிலத்தில் குத்தி, பெட்டி குறுக்கே திரும்பியிருந்தது. எதிரே சைக்கிளில் வந்த மனிதர் பெட்டிக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவில் கிடந்தார். காரைதீவைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார். மூட்டைகள் தண்ணீருக்குள் உருண்டிருந்தன. வயலில் நின்றவர்கள் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார்கள். வாத்தியாருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கதைத்தார். “கண்ணாடி எங்க?”

கண்ணாடி தண்ணீரில் போயிருந்தது.

பொலிஸ் ஜீப்பை நிறுத்தி வைத்தது. மோட்டார் பரிசோதகர் ஒருவர் வந்தார். நிலத்தில் கைலேஞ்சி விரித்து, அதில் தலையை வைத்துப் படுத்து, கிழிந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அதில் கொக்கியும் இல்லை, பெட்டியும் இல்லை. பெட்டிக்கு இலக்கமும் இல்லை.

“கொக்கி போடுறது குற்றமில்ல” என்றார் என்னிடம். அவர் குரலில் கோபமே இல்லை. “எத்தன ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. இப்பிடிப் போடுறதுதான் குற்றம். சங்கிலி எங்க?”

சீட்டுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

வழக்கு வந்தது. மச்சான் கெட்ட மனிதரல்ல. வாத்தியாரை மூன்று முறை போய்ப் பார்த்தார், வீட்டிலிருந்து சாப்பாடு அனுப்பினார். ஆனால் ஆலை ஓடாமல் நின்றது. ஜீப் அவர் பெயரில் இருந்தது. எங்கள் வக்கீலான பிரக்கிராசியின் வீட்டிலிருந்து வந்த ஒரு பின்னேரம் என்னை வெளியே கூப்பிட்டார்.

“வெல்டிங்காரன் பிழையா ஒட்டிப்போட்டான் எண்டு சொல்லு மச்சான். அவன் சரியெண்டான், நாங்க நம்பினம். அவ்வளவுதான்.”

“அவர் சரியெண்டு சொல்லல்ல. மூண்டு நாள் விடச் சொன்னவர். நான்தான் ஏலாதெண்டன்.”

“அது உனக்கும் அவனுக்கும்தானே தெரியும்?”

நாங்கள் இருந்த வீடு என் மனைவிக்கு அவர் கட்டிக் கொடுத்த சீதன வீடு. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது அடுத்த பிள்ளை, ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, சுவரில் சாய்ந்து இருந்தாள். அவள் தன் அண்ணனான காக்காவின் பக்கமோ என் பக்கமோ நிற்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“என்னத்தையாவது சொல்லி முடிச்சிட்டு வாங்க. எனக்கு இதக் கேட்டுக்கொண்டிருக்க ஏலா” என்றாள்.

வழக்கை மூன்று தவணை தள்ளிப் போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் வெல்டிங்காரர் ஸ்திரிபோட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து கோட்டு வாசல் மரத்தடியில் நிற்பார். ஒருநாளும் என்னிடம், நீ என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டுவார். நானும் ஆட்டுவேன்.

நான்காம் தவணைக்குக் கூண்டில் ஏறினேன். நீதவான் இங்கிலீசில் கேட்டார். மொழிபெயர்க்கும் முதலியார் தமிழில் சொன்னார்.

“இப்படி ஒட்டினால் போதும் என்று உமக்குச் சொன்னது யார்?”

பிரக்கிராசி சொல்லித் தந்த பதில் எனக்குப் பாடம். அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பின்னால் இன்னும் பத்துக் கேள்வி வரும், பத்துக்கும் பதிலை நினைவில் வைத்திருக்க வேண்டும், வீதியில் அந்த வெள்ளைச் சட்டையைக் காணும்போதெல்லாம் மறுபடி நினைவில் வைத்திருக்க வேண்டும். நினைக்கவே களைப்பாக இருந்தது. நேர்மையால் உண்மை சொன்னேன் என்று பெருமையடிக்க எனக்கு வாயில்லை.

“ஒருத்தரும் சொல்லல்ல ஐயா. அவர் போதாதெண்டுதான் சொன்னவர். அவசரத்தில நான்தான் ஒட்டச் சொன்னன். சங்கிலியும் நான்தான் கட்டாம விட்டன்.”

முதலியார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார்.

மச்சானுக்கு அபராதம். பெட்டியைப் பதியாமல் ஓடவிட்டது அவர் குற்றம். என் லைசனை ஒரு வருடத்துக்கு எடுத்துவிட்டார்கள். வெல்டிங்காரரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மச்சான் என்னோடு கதைப்பதை நிறுத்தினார். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தார். தங்கச்சியோடு கதைத்தார், பிள்ளைகளுக்குக் காசு கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல் போனார். நான் நற்பிட்டிமுனைப் பக்கம் ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் காவல் பார்க்கப் போனேன்.

வாத்தியாரைப் பார்க்க மாதக்கணக்காகத் துணிவு வரவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைதீவுக்கு நடந்து போனேன். வளவில் சாய்மானக் கதிரையில் இருந்தார். கால் பொருந்தியிருந்தது, ஆனால் நீளம் குறைந்து கட்டையாகியிருந்தது.

“வாங்க, இரிங்க” என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார். “கோட்டில நீங்க சொன்னதக் கேள்விப்பட்டன். அந்த நெல்லுக்கு என்ன நடந்த?”

“நனைஞ்சு முளைச்சிட்டு ஐயா.”

“அநியாயம்” என்றார். நெல்லுக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் என்னை மன்னிக்காத ஒருவர் இருந்தது, எப்படிச் சொல்ல, எனக்குச் சரியாகவே பட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன்.

ஒரு வருடம் கழிய லைசன் திரும்பி வந்தது. அதற்குள் மச்சான் வேறொரு ட்ரைவரை வைத்திருந்தார். நான் ஒருநாளும் அவரிடம் போய்க் கேட்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. லைசனை அலுமாரியில் வைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் வழக்கம்போல மண்வெட்டியோடு வயலுக்குப் போனேன்.