கார்டு வந்தது, அவள் வரவில்லை

நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். சிரிக்க மட்டும் வேண்டாம். நான் துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். கறையைப் பார்த்தாலே காபியா ரத்தமா என்று சொல்லிவிடுவேன். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. இது என் கண் முன்னால், பட்டப்பகலில், மதியம் மூன்று மணிக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் கப்பல் ஏறியதில்லை.

முதல் தடவை கப்பலில் விடுமுறைக்குப் போகிறவர்கள் கடைக்கு வந்து என்னிடம் விசாரிக்கிறார்கள். தலை சுற்றுமா? எத்தனை செட் துணி வேண்டும்? அதையெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனே சொல்வான். அவன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்காக என் வீட்டுக்காரர்தான் பதிவு செய்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ரோட்டில் அத்தனை நிதானம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவசரக்குடுக்கை. அறையை நாமே பார்த்து எடுப்பதற்கு ஒரு கட்டம், கம்பெனி கொடுப்பதை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கட்டம் இருந்ததாம். மனிதர் யோசிக்காமல் இரண்டாவதை அமுக்கிவிட்டார். புதிதாகப் போகிறவர்கள் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய அறை எதுவோ, அது நம் தலையில் வந்து விழும்.

விழுந்தது. மூன்றாவது தளம், உள்பக்க அறை. ஜன்னலே கிடையாது. விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டு.

அறையைச் சுத்தம் செய்பவர் நரைத்த மீசைக்காரர், நல்லவேளையாக நம் மொழி பேசினார். ஆளுக்கொரு கார்டு தந்தார். அறைக்கு அதுதான் சாவி, நமக்கு அதுதான் அடையாளம்.

"அவங்கவங்க கார்டு அவங்கவங்க கையில இருக்கட்டும்மா. யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க."

ஏன் என்று கேட்டேன். தலையணை உறையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்.

கப்பல் கிளம்புவதற்கு முன் ஓர் ஒத்திகை உண்டு. ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று காட்டுவார்கள். ஒவ்வொருவரும் நேரில் போய்த் தன் கார்டைக் காட்ட வேண்டும். எனக்கோ மண்டையிடி.

"நீ படு. உன் கார்டையும் நானே காட்டிட்டு வந்துடறேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஆளைப் பாக்க மாட்டாங்களா?"

"அந்தக் கூட்டத்துல யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கவில்லை. மாலை 4:20க்கு மெஷின் இரண்டு தடவை 'கீக்... கீக்' என்றதாம். என்னவோ சாதித்துவிட்ட முகத்தோடு திரும்பி வந்தார்.

4:35. அலமாரிக்குள் விசில் சத்தம். மெலிதாக... மூச்சு வாங்கி வாங்கி ஊதுவது போல.

திறந்தேன். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கும் ஆரஞ்சு நிறச் சட்டைகள் இரண்டு தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன விசில் கட்டியிருந்தது. ஒன்று ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். எச்சில்.

"முன்னாடி வந்தவங்க யாராவது ஊதியிருப்பாங்க, விடு" என்றார் அவர். முன்னாடி வந்தவர்களின் எச்சில் இன்னுமா காயாமல் இருக்கும்? கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் முழுக்கக் கடல்தான். சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தோம். 2:47க்கு அறை போன் அடித்தது. அவர் எடுத்தார். அமைதியான அறை, எனக்கும் கேட்டது. பெண் குரல். பின்னால் காற்று இரைந்தது.

"நேத்து கார்டு வந்துச்சு. அவ வரலையே. எங்க அவ?"

"ரூம்லதாங்க இருந்தா. தலைவலின்னு படுத்திருந்தா."

வெறும் காற்று... பிறகு...

"அன்னிக்கும் இதத்தான் சொன்ன."

லைன் துண்டித்துப் போனது.

கீழே வரவேற்பு மேஜைக்குப் போன் செய்தேன். அங்கிருந்து யாரும் எங்களைக் கூப்பிடவில்லையாம்.

"யாரோ விளையாடறாங்க" என்றார் அவர்.

"லைட்டை மட்டும் அணைக்காதீங்க."

கேட்டால்தானே! அணைத்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

3:04. விசில்.

அலமாரியில் இல்லை.

கட்டிலில்... எனக்கும் அவருக்கும் நடுவில்.

கையை நீட்டினேன். அவர் இல்லை. படுக்கை தொப்பலாக நனைந்து சில்லென்றிருந்தது.

விளக்கைப் போட்டேன். கதவு திறந்து கிடந்தது. அவருடைய செருப்பு கட்டிலடியில் இருந்தது.

வெளியே நரைமீசைக்காரர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சார் படியேறிப் போறாரும்மா. கூப்பிட்டேன், திரும்பல. அஞ்சாவது தளம், படகு கட்டியிருக்கிற இடம்! உங்க கார்டை எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலைதெறிக்க ஓடினேன்.

மேலே கண் கூசும் வெயில். ஒரு ஈ காக்கை இல்லை.

அவர் தடுப்புக் கம்பியின் மேல் ஏறி நின்றிருந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. மணிக்கட்டில் சதை பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தது.

எதிரே யாரும் இல்லை.

"வரேன்... வரேன்..." என்று முனகினார்.

பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். துணி மூட்டை தூக்கிப் பழகிய கை. அசைக்க முடியவில்லை.

அவர் பாதம் கம்பியை விட்டு எழும்பியது.

விசில்... என் காதோடு.

பயம் எங்கே போனதோ தெரியாது. ஆத்திரம்தான் வந்தது.

"அடியே! நல்லாப் பாருடி! இது உன் புருஷன் இல்ல, என் புருஷன்! கார்டும் வந்திருக்கு, நானும் வந்திருக்கேன்! பாரு!"

விசில் நின்றது.

"உனக்குத் துரோகம் பண்ணினவன் எவனோ, அவனைப் போய்ப் பிடி. போ!"

அவர் அப்படியே என் மேல் சரிந்தார். இருவரும் தளத்தில் விழுந்தோம். என் கைக்கடிகாரத்தில் 3:12.

பின்னாலேயே வந்த நரைமீசைக்காரர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அன்று சாயங்காலம் உட்கார வைத்துச் சொன்னார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அதே அறை. ஒரு புருஷன், பெண்டாட்டி. மத்தியானம் சமையலறையில் புகை கிளம்பி அபாய மணி அடித்திருக்கிறது. எல்லோரும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் அவன் அவளைக் கடலில் தள்ளிவிட்டான். தள்ளிவிட்டு, கூட்டத்தில் வந்து நின்று இரண்டு கார்டையும் காட்டினான். 'அவ ரூம்ல தலைவலின்னு படுத்திருக்கா.' கார்டு இரண்டும் பதிவாகிவிட்டது. கணக்கில் ஒரு தலை குறைந்திருந்தால் கப்பலைத் திருப்பியிருப்பார்கள். திருப்பவில்லை.

சட்டை அவளை மூழ்க விடவில்லை. ஒன்றரை நாள் கழித்து ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தபோது உயிர் இல்லை. விசிலைப் பல்லால் இறுகக் கடித்தபடி இருந்தாளாம்.

"அந்தம்மா அவன் பின்னாடியே ஓடினதை நான் பார்த்தேம்மா. விசாரணையில சொன்னேன். எடுபடல. அப்புறம் எப்ப எழுந்து போனாளோ தெரியலைன்னு அழுதான், விட்டுட்டாங்க. அவன் எங்க இருக்கான், என்ன பண்றான்னு இன்னிக்கு வரைக்கும் விசாரிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

வீடு திரும்பினோம். வீட்டுக்காரரின் மணிக்கட்டில் பத்து விரல் தடமும் மறைய ஒரு வாரம் ஆனது. பதினோராம் நாள் நரைமீசைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா... அந்த ஆள் செத்துட்டான்."

கடலே இல்லாத ஊர். மரச்சாமான் கடை வைத்திருந்தானாம். பட்டப்பகலில், கடை ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேஜைப் போன் அடித்திருக்கிறது. அவனே எடுத்திருக்கிறான். "ரூம்லதான் இருக்கா, தலைவலின்னு..." என்றது வரைக்கும் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அதற்குள் நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. நுரையீரல் நிறையத் தண்ணீர். உப்புத் தண்ணீர்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"நீங்க கப்பல்ல இருந்தப்பவே. அதே நாள்மா. மூணு பன்னண்டு."

அவளைப் போகச் சொன்னது நான்தான். மனசு உறுத்தவில்லையா என்று வீட்டுக்காரர் அவ்வப்போது கேட்கிறார்.

இல்லை. கொஞ்சம்கூட இல்லை.