மானத்தோடு கப்பலேறிய பட்டம்மாள்

அன்றைக்கு விழுப்புரத்தில் என் வீட்டில் இருந்தவர்கள்: கமலாவாகிய நான், எதிர்வீட்டு அஞ்சலை, திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த மேரி. வளவனூரிலிருந்து வர வேண்டிய பட்டம்மாள் மட்டும் வரவில்லை. வேகவைத்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், அவள் பங்கை எடுத்துத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டு, வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அவள் மருமகள் சுமதி போன் பண்ணினாள்.

"பெரியம்மா, அத்தை எழுந்திரிக்கவே இல்ல பெரியம்மா."

தூக்கத்திலேயே போய்விட்டாள். ஒருவருக்கும் ஒரு வேலை வைக்கவில்லை. அதுவும் அவள் குணம்தான்.

பட்டம்மாள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் வளவனூர் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இருப்பீர்கள். நாங்கள் நால்வருமே பள்ளிக்கூடங்களில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர்கள். விழுப்புரத்தில் நடக்கும் கூட்டங்களில்தான் பழக்கமானோம். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் பட்டம்மாள் ஏதாவது சொல்லுவாள், நான் சிரிப்பேன், திட்டு எனக்கு விழும். அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் படத்திறப்பு அன்று மைக்கில் ஒருவர் சொன்ன வார்த்தை அப்படி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கப்பல்.

கப்பல் யோசனை மேரியின் மகளுடையது. சென்னைத் துறைமுகத்தில் ஏறினால், கடலுக்குள்ளே கூட்டிக்கொண்டு போய், சும்மா சுற்றிக் காட்டிவிட்டு, திரும்ப அங்கேயே இறக்கிவிடுவார்களாம். "எந்த ஊருக்கும் போகாதா? அப்புறம் எதுக்கு அது?" என்று அஞ்சலை கேட்டாள். பட்டம்மாள் சொன்னாள்: "நாம வேலை இல்லாம எங்கியாவது போயிருக்கமாடி? சாவுக்குப் போனோம், கல்யாணத்துக்குப் போனோம், மீட்டிங்குக்குப் போனோம். ஒண்ணுத்துக்கும் இல்லாம ஒரு வாட்டி போவலாம் வா."

அவளை அழைத்துப்போக வளவனூருக்கு நான்தான் போனேன். பை எல்லாம் கட்டி வாசலில் இருந்தது. அவள் மூத்தார், அதாவது செத்துப்போன புருஷனின் அண்ணன், நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். புருஷன் போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பட்டம்மாள் அவர் எதிரில் நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"பொம்பளைங்களா சேந்துக்கினு கப்பல்ல கூத்தடிக்கப் போறீங்களா? குடும்ப மானம் கப்பலேறிடும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாந்தமாகச் சொன்னாள்: "அதுவும் வருதுங்களா மாமா? அப்ப என் பக்கத்துல ஒரு சீட்டு போட்டு வெக்கச் சொல்றேன். பாவம், அதுவும் எத்தினி வருசமா இந்த வூட்லயே அடைஞ்சி கெடக்குது."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வாசப்படி தாண்டினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஜல்தியா டிக்கெட் வாங்குடி, எறங்கிடப் போறேன்" என்றாள். வாங்கினேன்.

கப்பல் என்றால் நாங்கள் பொம்மையார்பாளையத்து மீன்படகை விடக் கொஞ்சம் பெரியது என்று நினைத்திருந்தோம். அது ஒரு தெருவையே தூக்கி நிறுத்தினது போல இருந்தது. மின்தூக்கி, நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருந்தது. "கடலுக்கு நடுவுல எதுக்குடி ஒரு கொளம்?" என்று அஞ்சலை பேஜாராகிவிட்டாள். அறைக்குள் போனதும் மேரி ஜெபம் பண்ணினாள், அஞ்சலை விபூதி வைத்தாள், பட்டம்மாள் மெத்தையில் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். நீளமான மேஜையில் அண்டா அண்டாவாய் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தட்டோடு வரிசை. நாங்கள் நால்வரும் ஒரு யோசனையும் இல்லாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டோம். அத்தனை வருஷம் நின்ற பக்கம் அது. கால் தானாகப் போய்விட்டது. பட்டம்மாள் கரண்டியை எடுத்து, "தள்ளாம வாங்க கண்ணுங்களா, எல்லாருக்கும் கீது" என்று சாம்பார் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் பருப்பை மட்டும் கேட்டார். "காய் துன்னாதான் மறுசோறு" என்று அவருக்கும் போட்டாள்.

கப்பல்காரப் பெண் ஓடிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "அம்மா, நீங்க அந்தப் பக்கம்" என்றது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்கத்தில் நான் மேரியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். பட்டம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, காலித் தட்டோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. தட்டை நீட்டாமல் நின்றாள்.

"என்னாடி?" என்றேன்.

"போட்டுப் போட்டே பழகின கை கமலா. நீட்ட வெக்கப்படுது."

மேரி அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, தானே தட்டில் போட்டு வந்து வைத்தாள். "துன்னு. இன்னிக்கு நீதான் புள்ளை, நான்தான் ஆயா." பட்டம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முடித்ததும், "சாம்பார்ல பருப்பு வேகல. ஆனா யாரோ ஆக்கி நான் உக்காந்து துன்னது, அதான்டி ருசி" என்றாள். மறுசோறும் வாங்கினாள். காயைத் தொடவில்லை.

மறுநாள் காலை மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டோம். காற்று எங்களைத் தூக்கிவிடும் போல அடித்தது. பட்டம்மாளின் சேலை பறந்துவிடாமல் நான் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னார். "முன்பல்லு இல்லியேப்பா" என்றாள் பட்டம்மாள். பிறகு அவளே, "போவட்டும், காத்து உள்ள பூந்து வரட்டும்" என்று வாயைத் திறந்து சிரித்தாள். பின்னால் கண்ணுக்கெட்டிய வரை கடல். கரை என்பதே இல்லை.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு மூவரும் போனோம். மாலை போட்டு வைத்திருந்தது அந்தச் சிரிப்புதான். ஆனால் பின்னால் கடல் இல்லை. சிவப்புத் திரை தொங்கியது. எங்களையும் வெட்டி எடுத்திருந்தார்கள். மூத்தார் மைக்கைப் பிடித்து, "எங்க பட்டம்மா வாசப்படி தாண்டாத மகராசி" என்றார்.

அஞ்சலை என் தொடையைக் கிள்ளினாள். "சும்மா இரு கமலா, துக்க வூடு" என்றாள் மேரி. நான் சும்மாதான் எழுந்தேன். பூப் போடத்தான் போனேன். அப்போதுதான் பார்த்தேன், படத்தில் அவள் தோள்மேல் மூன்று விரல் இருந்தது. ஒன்றில் செப்பு மோதிரம். வெட்டினவன் விட்டுவிட்டான். நான் என் கையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தேன்.

"பெரியம்மா, அது உங்க வெரலா?" என்றாள் சுமதி.

"ஆமாம்மா."

"எங்க எடுத்தது?"

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் உரக்கக் கேட்டாள். நானும் மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "கப்பல்ல." முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. மேரியும்தான். துக்க வீட்டில் எல்லாரும் கேட்ட கப்பல் கதையை நாங்கள் சொல்லி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் சுமதி என் காதருகே சொன்னாள்: "அந்தப் படத்தைக் கடலோட மாட்டணும்னுதான் அத்தை ஆசைப்பட்டாங்க. எங்கிட்ட சொல்லிக்கினே இருந்தாங்க. பெரிய மாமாதான் கடலை எடுத்துட்டுப் பின்னாடி துணி போடச் சொல்லிட்டாரு."

முழுப் படம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, கடலோடு, எங்களோடு. தட்டை நீட்ட வெட்கப்பட்ட அந்தக் கையையும், காற்று புகுந்து வந்த அந்தச் சிரிப்பையும் நான் வைத்துக்கொண்டேன். பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், மல்லாட்டை வேகவைக்கிறேன்.

என்னைத் திட்டிய மேலதிகாரியை மன்னித்துவிட்டேன். கப்பலில் குறட்டை விட்டு என்னைத் தூங்கவிடாத அஞ்சலையையும் மன்னித்தாயிற்று. சொல்லாமல் போன பட்டம்மாளைக்கூட, போகட்டும் என்று விட்டேன். அவளிடமிருந்து கடலைப் பிடுங்கின ஒருவர் இருக்கிறார். அவள் மூத்தார், வளவனூர் ஏழுமலை.