சிவப்புப் பட்டனுக்கு வைத்த சந்தனம்

சென்ற ஆண்டு விஜயதசமி அன்று காலை ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம். என் மகளின் வண்டிச் சத்தம் ஏறியது, இறங்கவே இல்லை. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், ஒரு சுற்று முடிக்க அவளுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைபேசியில் நான்தான் குறித்துக்கொண்டிருந்தேன். இடம், நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு தரிசு நிலம்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். மண்மேட்டில் ஏறிக் குதித்து ஓட்டுகிற பந்தய வண்டி அது. முகப்பு விளக்கு கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது. ஸ்டாண்டு கூடக் கிடையாது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் எங்கே போனாலும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இருபத்து மூன்று வயதுப் பெண், வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்குகிற பொருளா இது? அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வண்டி!

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஷெட்டில் அதை வாங்கப் போனபோது நானும் போயிருந்தேன். எப்படியாவது ஒரு குறை கண்டுபிடித்துக் கலைத்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். "ஆர்.சி. புக் எங்கே?" என்று கேட்டேன். பந்தய வண்டிக்கு அதெல்லாம் கிடையாது என்றார் விற்பவர். அப்படியென்றால் திருட்டு வண்டிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மகள் தரையில் மண்டியிட்டு, ஹேண்டில்பாரின் கழுத்தில் இருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். இறக்குமதி ரசீதில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டாள். பிறகு எழுந்து, "அண்ணே, நம்பர் சரியா இருக்கு. ஆனா வருசத்தக் காட்டுற பத்தாவது எழுத்தப் பாத்தா, நீங்க சொன்னத விட வண்டி ரெண்டு வயசு மூத்ததுல்ல?" என்றாள்.

"எனக்கு வித்தவன் அப்படித்தான் தங்கச்சி சொன்னான்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அடுத்து எஞ்சினில் கை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்கே? நாங்க வாரதுக்கு முன்னாடியே ஒருக்கா ஸ்டார்ட் பண்ணீங்களாக்கும்? ஆறட்டும்ணே, ஆறுன எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கணும். நாங்க டீ குடிச்சிட்டு வாரோம்." நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன். எனக்குத் தோன்றாத கேள்விகள் அவை. விலை குறைந்து வண்டி வீட்டுக்கு வந்தது. குறை சொல்ல முடியாமல் போனதே எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஓட்டினால் மூன்று மணி நேரம் பராமரிப்பு. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலப்பாள். ஒவ்வொரு முறையும் காற்று வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வாள். துவைக்கிற கல்லில் எப்போதும் ஏதாவது ஓர் உறுப்பு கிடக்கும். கோவையில் அவளுடைய முதல் பந்தயம். விஜயதசமியிலிருந்து அதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முன்தினம் வண்டிகளைக் கழுவுவது என் வேலை. பதினெட்டு வருடமாக என் ஸ்கூட்டரைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. மகள் அலுவலக வேலையாகச் சென்னை போயிருந்தாள். "என் வண்டியத் தொடாதீங்கப்பா, எல்லாம் முடிச்சு வச்சிருக்கேன்" என்று போனில் சொன்னாள். பூஜைக்கு ஒரு வண்டியை மட்டும் கழுவாமல் விடுவார்களா? தண்ணீர் அடித்தேன். பக்கவாட்டு மூடியையும் திறந்தேன். உள்ளே காற்று வடிகட்டி. ஸ்பாஞ்சு போல இருந்தது. முழுக்கப் பிசுபிசுவென்று ஆயில். என் ஸ்கூட்டரில் அந்த இடத்துக்கு ஆயில் வந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். "பாத்தியா, முடிச்சு வச்ச லட்சணத்த" என்று மனைவியிடம் காட்டிவிட்டு, சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கசக்கி, மொட்டை மாடியில் காயவைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. திரும்ப மாட்டினேன்.

மறுநாள் பூஜையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கிற சிவப்புப் பட்டன் ஒன்று உண்டு. அதற்கும் தாராளமாக வைத்தேன்.

"அதுக்கு எதுக்குங்க இம்புட்டுச் சந்தனம்?" என்றாள் மனைவி. "கொழகொழன்னு ஒழுகுது பாருங்க."

"காஞ்சா சரியாயிரும்" என்றேன். காய்ந்தது.

விஜயதசமி விடியற்காலையில் மகள் சென்னையிலிருந்து வந்திறங்கினாள். குளித்துவிட்டு, வழக்கமாக வருகிற குட்டியானைக்காரரை வரச் சொல்லி, வண்டியை ஏற்றினாள். அப்போது ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, வண்டியில ஏதும் கை வச்சீங்களா?"

"தொடச்சேன், அம்புட்டுத்தான்."

இந்தப் பதிலை நான் ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் ஓட்டி முடித்ததும், "என்ன, இன்னைக்கு வண்டி லேசாப் போகுதா? யாரு கைவண்ணம்?" என்று கேட்க ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

எங்களை இறக்கிவிட்டுக் குட்டியானைக்காரர் தன் ஸ்டாண்டில் நடக்கும் பூஜைக்குப் போய்விட்டார். செம்மண் புழுதி ஆளுயரத்துக்கு எழும்ப, மகள் பத்துப் பன்னிரண்டு சுற்று போனாள். அடுத்த சுற்றில் மேட்டில் ஏறிக் குதித்தாள். தரையைத் தொட்டதும் சத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. வீறிட்டுக்கொண்டே வண்டி வளைவைத் தாண்டி நேராகக் கரையில் ஏறி, அந்தப் பக்கம் மறைந்தது. கரைக்கு அப்பால் ஒரு பாசனக் கிணறு இருப்பது எனக்குத் தெரியும். சுற்றுச்சுவர் இடிந்த கிணறு.

நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது. கால் எங்கே போனது, செருப்பு எங்கே போனது, ஒன்றும் தெரியாது.

கிணற்றுக்குப் பத்தடி முன்னால், கருவேலம் புதரில் வண்டி பக்கவாட்டில் கிடந்து அலறிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் முள்ளை அரைத்தது. மகள் அதன் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள். ஒரு கை அசையவில்லை. "பட்டன் அமுங்கலப்பா! பிளக்குத் தொப்பியப் புடுங்குங்க!" என்று கத்தினாள். நான் முதலில் பட்டனைத்தான் அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. இடுக்கெல்லாம் இறுகிப்போன சந்தனம். அதில் என் விரல் ரேகை கூடத் தெரிந்தது. துண்டைச் சுற்றி ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கினேன். தோள்பட்டை வரை சுரீரென்று ஷாக் அடித்தது. சத்தம் நின்றது.

தோளுக்கு முன்னால் இருக்கிற காறை எலும்பு முறிந்திருந்தது. என் துண்டை மடித்து அவள் கையைக் கழுத்தோடு கட்டினேன். ஆம்புலன்சைக் கூப்பிடுகிறேன் என்றால், "வண்டிய இங்க விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்கிறாள். அந்த வலியிலும் பிடிவாதம்! குட்டியானைக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பூஜை மைக்செட் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? ஏழு தடவை போட்டேன்.

அதற்குள் அவள் நல்ல கையால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஸ்பாஞ்சை வெளியே இழுத்துப் பிழிந்து பார்த்தாள். அதன் பின்னால், எஞ்சினுக்குப் போகிற குழாய் முழுக்கச் செம்மண்.

"இத யாருப்பா கழுவுனது?"

"ஆயில் கசிஞ்சிருந்துச்சு, அதான்" என்றேன்.

"ஆயில் கசியலப்பா. நான்தான் தேச்சு வச்சேன். அந்தப் பிசுக்குலதான் தூசி ஒட்டும். காஞ்ச ஸ்பாஞ்சுல மண்ணு நேரா உள்ள போயிரும். உள்ள போயி ஆக்சிலேட்டர் திரும்பி வராம மாட்டிக்கிச்சு." வகுப்பில் மக்குப் பையனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். "பந்தயம்?" என்றேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எட்டே முக்காலுக்குக் குட்டியானை வந்தது. முகப்பில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்த குங்குமக் கையோடு இறங்கிய டிரைவர், அவள் கையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னத்தா ஆச்சு?"

"ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சுண்ணே" என்றாள் மகள். என் பெயரை எடுக்கவில்லை.

என்னால்தான் பொறுக்க முடியவில்லை. கழுவியது, காயவைத்தது, சந்தனம் வைத்தது, கேட்டதற்குத் தொடச்சேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் சிவப்புப் பட்டனை நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏண்ணே, பூஜ போட்டா தொட்டுக் கும்புட்டு விட்ரணும். நீங்க எதுக்குண்ணே அதக் கழட்டிக் குளிப்பாட்டுனீங்க?"

மகள் சிரித்தாள், சிரித்ததில் எலும்பு வலித்து, "அம்மா" என்று கத்தினாள். அவள் இப்போது மறுபடி ஓட்டுகிறாள், நானும் மறுபடி ஓரமாக நின்று நேரம் குறிக்கிறேன். அந்த வண்டியில் ஒரு திருகைத் தொடுவதென்றாலும் இந்த வயதில் மகளிடம் அனுமதி கேட்பது எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.