இடமில்லை என்று சொன்னேன்

பெர்தெகுல், சிம்பாய் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் பதினாறு வருடம் ரொட்டி சுட்டவள். வாய்த்துடுக்கு அதிகம். காசநோய் வந்து, பழைய மருந்து எதற்கும் அது மசியாமல் போன பிறகும் துடுக்கு குறையவில்லை. புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். தினமும் வீட்டுக்குப் போய், அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்து ஏட்டில் குறிக்கும் நர்ஸ் நான்.

"போலீஸ்காரி வந்தாச்சு! ஐத்குல் அக்கா, வாயத் தொறக்கட்டுமா, கையத் தூக்கட்டுமா?"

அதே வீட்டில் அவள் தங்கை சர்பிநாஸுக்கும் அதே நோய். அவளை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. இதயத் துடிப்பில் கோளாறு. இந்த மாத்திரை அவள் இதயத்தையே நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். இருக்கிற நோய் போதாதா, இதை வேறு சொல்லிப் பயமுறுத்துவானேன் என்று நான் அக்காக்காரியிடம் சுலபமாக ஒரு சொல்லைச் சொன்னேன்.

"அவளுக்கு இடமில்லையாம்டி."

"இடமில்லையா? அது என்ன ஆராய்ச்சியா, பஸ்ஸா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நானும் இந்த ஊர்க்காரிதானே, யோசித்திருக்க வேண்டாமா? சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி இருபது பேர் இருக்கும்போது இன்னொருவர் வந்தால், இங்கே யாராவது இடமில்லை என்பார்களா? முழங்காலை ஒடுக்கி நகர்ந்துகொள்வோம், ரொட்டியைப் பிய்த்து நீட்டுவோம். அவளிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேனே, என் நாக்கு அழுக.

மாத்திரையை வாயில் போட்டதும் எனக்குப் பால் தேநீரை நீட்டுவாள். நான் கிண்ணத்தை வாங்கக் குனிவேன். நிமிரும்போது வாய் காலியாக இருக்கும். மூன்று மாதம் இப்படியே குறித்தேன்.

நவ்ரூஸ் பண்டிகை முடிந்த வாரம், முற்றத்தில் தண்ணீர் எடுக்கப் போன சர்பிநாஸ் வாளியோடு சரிந்தாள். இருபத்தொன்பது வயது. நோய் கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் அழுதோம்.

துக்க வீடென்று ஆறு நாள் மாத்திரையை வாசலிலேயே கொடுத்து வந்தேன்; ஏழாம் நாள் உள்ளே போனேன். பெர்தெகுலின் சளியில் கிருமி திரும்பியிருந்தது; மருந்து பலிக்கவில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிவிட்டார்கள், நிறுத்தச் சொல்லும் உத்தரவுதான் இன்னும் வரவில்லை. அன்று தேநீர் இல்லை. மாத்திரையை வாயில் போட்டாள். பழக்கத்தில் பல் கடித்தது. பாதியை உள்ளங்கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏட்டை மூடினேன்.

"எத்தன நாளாடி?"

"நீ இடமில்லன்னு சொன்ன அன்னைலேர்ந்து. நான் கொஞ்சம் நகந்து உக்காந்தேன் அக்கா, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. அவள் கேட்டாள்.

"முழுசா அவளுக்கே குடுத்திருந்தா பொழச்சிருப்பால்ல? பாதிய நான் முழுங்கிட்டேனே, பாவி."

"இல்லடி," என்றேன். "முழுசா குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டா."

அது பொய்யில்லை. மீதியைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"அப்ப பாதியாவது குடுத்தேனே," என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. கையிலிருந்த பாதியையும் விழுங்கிவிட்டு, நான் பார்ப்பதற்காக வாயை அகலத் திறந்து காட்டினாள்.