அக்காவின் கோட்டையும் எங்கள் கோட்டையும்

என் அக்கா இங்கிலாந்துக்குப் போய் ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். பத்திரம் எதுவும் இல்லை. எல்லாம் வாயால் சேர்த்த சொத்து. இங்கே பலேர்மோவில் என்னைப் போலவே பல வருடம் வீடு துடைத்து, இத்தாலியக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் புறப்பட்டவள். அவள் குடியேறிய சிறிய நகரத்தின் நடுவில் இடிந்த கோட்டை ஒன்று நிற்கிறது. முன்பெல்லாம் தொலைபேசியில் மீன் விலை கதைத்தவள், இப்போது கோட்டைச் சரித்திரம்தான் கதைக்கிறாள்.

எவனோ ஒரு பிரபு கட்டினானாம். அரசனுக்கு அதில் கண் விழ, பறித்துக்கொண்டானாம். பிறகு உள்நாட்டுச் சண்டை. வென்றவர்கள் வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டுப் போக, மிஞ்சிய கல்லை ஊர்ச்சனமே உருட்டிக்கொண்டு போய் வீடும் மதுக்கடையும் பன்றிக்கூடும் கட்டியதாம். இன்று அதே சனத்தின் வழித்தோன்றல்கள், மிச்சச் சுவரில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று பலகை மாட்டி, உள்ளே போக ரிக்கெற் விற்கிறார்கள்.

"எங்கட கோட்டையை அநியாயமா உடைச்சுப் போட்டினம் தம்பி," என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்களையும் அங்கேயே எடுத்து ஆல்பமாக அனுப்பினாள். இடிந்த வாசலில் பொன்னிறச் சிம்மாசனம். அதில் பட்டும் நகையுமாகப் பிள்ளை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

"ராசகுமாரிக் களை," என்றாள் என் மனைவி.

எங்கள் மகளும் அந்த மாதம்தான் பெரியபிள்ளை ஆகியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் வைத்திருந்தோம்.

"எங்களிட்டையும் கோட்டை இருக்குத்தானே?" என்றாள் மனைவி.

இருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில். தெரிந்தவர்களை நேப்பிள்ஸ் கப்பலில் ஏற்றிவிடப் போகும்போதெல்லாம் கடந்திருக்கிறேன். பாதியில் விட்ட கட்டட வேலை என்றுதான் நினைத்திருந்தேன். விசாரித்தால், அரசர், பீரங்கி, சிறை என்று இதற்கும் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தைப் பெருப்பிக்க இந்த ஊர்க்காரரே இடித்தார்களாம். அக்காவிடம் சொன்னேன். எத்தனை பீரங்கி என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

வியாழக்கிழமை குறித்தோம். இந்த ஊரில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு பூசைக்கும் மற்றவர்களின் கொண்டாட்டங்களுக்கும் போய்விடும்.

"வியாழன் வேண்டாம் அப்பா," என்றாள் மகள். "பள்ளிக்கூடப் பிள்ளையள் ஒருத்தரும் என்னை இந்தக் கோலத்திலை பாக்கக்கூடாது."

"அங்கை ஆர் வரப்போகினம்? நாய் கூட எட்டிப் பாக்காது."

"இல்லை அப்பா, வியாழன் எங்கட கிளாஸ்..."

அந்த நேரம் பார்த்து அக்கா அழைத்தாள். அன்று முற்றுகைப் படலம். மகள் சொல்ல வந்ததை நான் பிறகு கேட்கவில்லை.

வியாழன் பின்னேரம் வாடகைக்கு எடுத்த சிம்மாசனத்தை நானும் படமெடுப்பவரும் தூக்கிக்கொண்டு போய், உடைந்த கோபுரத்தின் முன் வைத்தோம். மகளை இருத்தி, மனைவி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. முன்னால் ஒரு ஆசிரியை. பின்னால் என் மகளின் வகுப்பு முழுவதும்.

மகளின் முகத்தைப் பார்த்தேன். அக்காவின் ஆல்பத்தில் இருந்த அதே ராசகுமாரிக் களை.

ஆசிரியை இங்கே அடைத்து வைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், சிம்மாசனத்தைக் கண்டு நின்றார்.

"உனக்குக் காய்ச்சல் என்றார்களே?"

மகள் எழுந்தாள். "காய்ச்சல் இல்லை. வீட்டிலேயே வைத்திருந்தார்கள்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி, இத்தாலியனில்.

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சிம்மாசனத்தின் மெத்தையைத் தட்டிச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

மகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒரு சிநேகிதி ஓடி வந்து, மண்ணில் இழுபட்ட முந்தானையை ஏந்திக்கொண்டாள். மகள் வகுப்போடு வகுப்பாக நிலத்தில் கிடந்த கல்லில் இருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, இனி ஆரை எடுக்கிறது?" என்றார் படமெடுப்பவர்.

"அங்கை எடுங்கோ," என்றேன்.

பிள்ளை சிரித்த படம் அது ஒன்றுதான். அதையே அக்காவுக்கு அனுப்பினோம். உடனே வீடியோவில் வந்துவிட்டாள்.

"ஏன் தம்பி பிள்ளை நிலத்திலை இருக்கு? கதிரை வரேல்லையோ?"

"வந்தது அக்கா. அவளுக்கு அதிலை இருக்க விருப்பமில்லை."

"இதையெல்லாம் பிள்ளையளிட்டைக் கேக்கிறதே?"

"என்னட்டையும் ஒருத்தரும் கேக்கேல்லை," என்றது அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். இங்கிலாந்துக் கோட்டையின் ராசகுமாரி.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் கோட்டையை விட்டுவிட்டு மீன் விலை கதைத்தாள்.