தி.நகரிலிருந்து வந்த சீர்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் குரல் ஏறிவிடும். அப்புறம் நான் சொல்ல வந்தது ஒன்று, நீங்கள் கேட்டது ஒன்று என்று ஆகிவிடும். பத்தாவதோடு நின்றவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளே, நீ அம்மாவோடு பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றால்கூடத் தம்பியை விட்டுக் கேட்கிறாய். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நர்சிங் காலேஜில் பணம் கட்டும் இடத்தில், பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது, கணக்கில் காசு இல்லை என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார்களே, அந்த நேரத்தில் நான் அடையாறில் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். போனில் நீ அழவில்லை. "காசு இல்லையாம்பா" என்று மட்டும் சொன்னாய். கட்டி முடிக்காத ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து, நஷ்டத்தோடு அந்தப் பணத்தைக் கட்டினேன். நீ சேர்ந்துவிட்டாய். ஆனால் அன்றோடு அம்மாவை நீ ஒதுக்கிவிட்டாய்.

அந்தப் பணம் எல்லாம் புடவையாகவும் பாத்திரமாகவும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நீங்களும் பார்த்தீர்கள். ஃபால்ஸ் அடிக்காத புடவைகள், விலைச்சீட்டு கிழிக்காத எவர்சில்வர் டப்பாக்கள். எதையும் அவள் உடுத்தவில்லை, எதிலும் அரிசி போடவில்லை. அன்றைக்கு நான் என்ன கத்து கத்தினேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவளிடமிருந்து கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவள் தவணைக்கு வாங்க ஆரம்பித்தாள். கடைக் கவர்கள் வருவது நிற்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் போடும் வேலை வந்தது. முடித்துவிட்டு, பக்கத்தில்தானே என்று உங்கள் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவைப் பெத்த ஆயா செத்த பிறகு அவன் நம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை என்றாலும், பொங்கல், ஆடி, தீபாவளி என்று அக்காவுக்குச் சீர் மட்டும் தவறாமல் செய்கிறானே, அதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

"இன்னா மாமா, ஊடு தேடி வந்து குத்திக் காட்றியா?"

நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். தெருவில் ஒருத்தருக்கும் வராத சீர் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று எதிர்வீட்டு அம்மா புலம்பியதைக்கூடச் சொன்னேன். அவன் என்னை உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினான்.

"நான் எங்க மாமா அனுப்பிச்சேன்? வாடகை குடுக்கவே நாக்கு தள்ளிக்கினு கீது. வெறுங்கையோட வந்து அக்கா மூஞ்சியப் பாக்க முடியாமதான் அந்தப் பக்கமே வர்ல."

அவன் வீட்டில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. இவன் அனுப்பவில்லை என்றால், பொங்கலுக்கு வந்த பித்தளைப் பானையை யார் வாங்கியது?

அன்று நான் கத்தவில்லை. நீங்கள் இருவரும் வீட்டில் இல்லை. உன் தம்பியைப் பார்த்தேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஆயா செத்த வருஷம் தீட்டு, சீரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பொங்கலுக்குத் தம்பி வருவான் என்று போகியன்று மத்தியானம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மா, "இன்னாமே, உன் தம்பிய இன்னும் காணோம்?" என்று கேட்டதும், வந்துகொண்டே இருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வராமல் எப்படி? பஸ் ஏறி தி.நகர் போய் ஒரு புடவையும் பானையும் வாங்கினாள். திரும்பும் வழியில் மயிலாப்பூரில் மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் தெருமுனையில் வந்து இறங்கினாள். தம்பிக்கு லீவு இல்லையாம், தெருமுனையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்றாள். பிறந்த வீட்டிலிருந்து வந்ததை அக்கம்பக்கத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்காகப் பழமும் ஸ்வீட்டும் தனியாக வாங்கியிருக்கிறாள். அந்தக் கரும்பை நாம் எல்லாரும் கடித்தோம். உன் தம்பி இந்த வருஷம் நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான் என்று நான்கூட அவளிடம் சொன்னேன்.

"உனக்குத்தாம்மே பொறந்த ஊடு. எங்களுக்குந்தான் கீது, ஒரு மொழம் பூ வந்ததில்ல" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னாளாம். அதைச் சொல்லும்போது உங்கள் அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

பொங்கலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆடிக்கும் தீபாவளிக்கும் செய்தாள். பிறகு பண்டிகை இல்லாத நாளிலும் கடைக்குப் போனாள். அதைக் காட்ட முடியாது, அதனால் கட்டிலுக்கு அடியில் போட்டாள். காட்ட முடியாததை எதற்கு வாங்கினாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கடைக்குப் போனா, வாம்மா, உக்காருன்றாங்க. தண்ணி வோணுமான்னு கேக்கறாங்க. எங்கம்மா போனப்புறம் என்னை யாருய்யா வாம்மான்னு கூப்பிட்டா?"

அது கடைக்காரன் வேலை, கூப்பிடத்தான் சம்பளம் என்றேன்.

"தெரியும்யா. தெரிஞ்சிதான் போறேன். அவ்ளோ நேரம் பேசிக்கினு, பத்து புடவைய பிரிச்சிப் போட்டுட்டானா, ஒண்ணும் வாணாம்னு எழுந்து வர மனசு வர்ல."

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கவரைப் பார்க்கவே பிடிக்காது என்றாள். உன் ஃபீஸ் பணத்தில் கை வைத்தபோது, அடுத்த மாதச் சம்பளத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தாளாம். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனசுக்குப் பார்க்கும் பகுதி அங்கே இருக்கிறது. பைத்தியமா எனக்கு என்று முதலில் சண்டை போட்டாள், பிறகு வந்தாள். டாக்டரம்மா வயதில் சின்னவர். அவளிடம் ரொம்ப நேரம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது வெறும் ஊதாரித்தனம் இல்லை, மனசில் பாரம் ஏறும்போது சிலருக்கு இப்படிக் கை போகும் என்றார். கார்டை நான் வைத்துக்கொண்டது சரிதான் என்றும் சொன்னார்.

"ஆனா அவங்க கடைக்குப் போன அன்னிக்கெல்லாம் என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். அவளுக்கு ஒவ்வொரு கவரும் ஞாபகம் இருந்தது. பச்சைப் புடவை, மயிலாப்பூரில் அவள் சமைக்கும் வீட்டில் காபிப்பொடி சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு மாதிரியாகக் கேட்ட அன்று. டப்பா செட், குழம்பில் உப்பு என்று நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அன்று. மாம்பழக் கலர் பட்டு, காலேஜ் பார்க்கப் போகும்போது, நீ வராதே, அப்பா வரட்டும் என்று பெரியவள் சொன்ன அன்று. பெரியவளே, உன்னைக் குறை சொல்லவில்லை. அவளும் குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மளிகைச் சாமான் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், மாதம் ஒரு தடவை டாக்டரம்மாவிடம் போய்ப் பேசுகிறாள். சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரமும் ஒரு கவர் வந்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. நேராக என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். காபிப்பொடி வீட்டில் மறுபடியும் ஏதோ சொல்லிவிட்டார்கள். அதையும் சொன்னாள். பெரியவளே, உன்னிடமும் அவள் பேச வருவாள். வரும்போது எழுந்து போய்விடாதே. நான் கேட்பது அவ்வளவுதான்.

நேற்று அடையாறு வேலை சீக்கிரம் முடிந்தது. நான் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அவள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. வாசல் பக்கத்து நாற்காலிமேல் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. அதையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். ஃபேனைப் போட்டுவிட்டு, நாற்காலியில் நானே உட்கார்ந்து பார்த்தேன். காற்று அங்கே சரியாக வரவில்லை. எழுந்து, அவள் வந்ததும் உட்கார, நாற்காலியை ஃபேனுக்கு நேராக நடுவில் இழுத்துப் போட்டேன்.