டெக்னீஷியன் என்று எழுதிய கடிதம்

பெற்றோர் வைத்த பெயர் ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வார்டு ஆயா முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் பூதக்கண்ணாடி அக்கா. பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தின் ஜன்னலோர மேஜையில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்தே கிடந்தவளுக்கு வேறு என்ன பெயர் வரும்? ரத்தத் துளியைக் கண்ணாடியில் இழுத்துத் தேய்த்து, சாயம் ஏற்றி, அணுக்களில் எது நல்லது, எது புற்று என்று சொல்வது அவள் வேலை. அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் டாக்டர்கள் மறு பேச்சுப் பேசமாட்டார்கள்.

அவளோடு முன்பு வேலை பார்த்த ரத்தநோய் டாக்டரம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் மதியம் அவர் போன் செய்தார்.

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு இடம் காலியா இருக்கு. உன்னைத் தவிர யாரும் என் ஞாபகத்துக்கு வரல. வர்றியா?"

"எனக்கெல்லாம் விசா யாரு டாக்டர் குடுப்பாங்க?"

"ரெண்டு நாட்டுக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருக்குல்ல, அதுல ஒரு தொழில் பட்டியல் இருக்கு. உன் தொழிலும் அதுல இருக்கு. பட்டம், பாஸ்போர்ட், வேலைக் கடிதம், மூணையும் எடுத்துட்டு எல்லைக்குப் போனா கவுன்டர்லயே முடிச்சுக் குடுப்பாங்க. மூணு வருஷம். குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாம்."

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதுவரை யாரும் அவளை 'நீதான் வேண்டும்' என்று கேட்டு அழைத்ததில்லை. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போடவே மறந்திருந்தாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. கடிதம் வந்ததும் காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்பதால் அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். பத்தாவது முடித்த மகளுக்குப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து, நாலு பெட்டியோடு கொழுந்தன் வீட்டுப் பின்னறைக்குப் போனார்கள்.

"ஒரு வாரம்தான்டா தம்பி," என்றார் புருஷன்.

எல்லைச் சாவடியின் கவுன்டரில் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கிற ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பட்டியல்ல மெடிக்கல் லேப் டெக்னாலஜிஸ்ட்னு இருக்கு, மேடம். உங்க கடிதத்துல டெக்னீஷியன்னு போட்டிருக்காங்க."

"ரெண்டும் ஒரே வேலைதாம்மா."

"இல்லிங்க. டெக்னீஷியன் ரத்தம் எடுப்பாங்க, குழாயை அடுக்குவாங்க. நோயைக் கண்டுபிடிக்கிறது டெக்னாலஜிஸ்ட். ஒப்பந்தத்துல அவங்களுக்கு மட்டும்தான் இடம்."

"நான் நோயைக் கண்டுபிடிக்கிறவதாம்மா. என் பட்டத்தைப் பாருங்க."

"பட்டத்துல குறையே இல்ல. அங்க என்ன வேலைக்குக் கூப்பிடுறாங்கன்னு கடிதத்துலதான் பார்க்கணும்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். அவ்வளவுதான். வெளியே பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த மகள், அம்மா நடந்து வருவதைப் பார்த்தே எழுந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா அங்கே நிர்வாகத்தை ஒரு பிடி பிடித்தார். சம்பளப் பிரிவுக்கு அங்கே டெக்னீஷியன் என்று பெயராம், யாரோ யோசிக்காமல் அதையே கடிதத்திலும் அடித்துவிட்டார்களாம். பன்னிரண்டு நாளில் திருத்திய கடிதம் வந்தது. இந்த முறை அவள் தனியாகப் போனாள். கவுன்டரில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். பழைய பதிவைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டே பேசினார்.

"போன தடவை டெக்னீஷியன். இப்ப அதே ஆஸ்பத்திரி, அதே ஆளு, அதே சம்பளம், ஆனா டெக்னாலஜிஸ்ட். வேலை மாறிடுச்சா, எழுத்து மட்டும் மாறிடுச்சா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "வேலை மாறல சார். மொதல்லயே தப்பா எழுதிட்டாங்க."

"இருக்கலாம். ஆனா நாங்க மறுத்ததுக்கப்புறம் எழுதின கடிதத்தை நான் எப்படி நம்புறது, சொல்லுங்க."

அவளால் அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. பெயரில் ஓர் எழுத்து பிசகி வந்த ரத்தப் பரிசோதனைக் குழாய்களை எத்தனை தடவை அவளே திருப்பி அனுப்பியிருக்கிறாள். 'எங்க அப்பா ரத்தம்தாங்க, நான்தான் கொண்டு வந்தேன்' என்று ஒருவர் கெஞ்சியபோதும், மறுபடி எடுத்து வாங்க என்றுதான் சொன்னாள். அந்த அப்பாவுக்கு மறுபடி எடுக்க ரத்தம் இருந்தது.

ஊருக்குத் திரும்பிப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னலோர மேஜையில் அவளே பழக்கிவிட்ட பெண் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாயப் புட்டியைப் பார்த்தாள். கூடத்தின் தலைவர் நல்லவர். "ரத்தம் எடுக்கிற கவுன்டர்ல ஆறு மாசத்துக்கு வேணா வாங்க. வேற இடம் இல்லம்மா," என்றார். சேர்ந்துகொண்டாள்.

முதல் வாரம் அந்தப் பெண் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். கொஞ்சம் பாருங்களேன்."

"நீயே பாரு," என்றாள் இவள். "ரிப்போர்ட்ல கையெழுத்து உன்னோடதுதானே." கடுப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பெண் அதன் பிறகு வரவில்லை.

மகளைப் பழைய பள்ளியில் சேர்க்க முடியவில்லை, இடம் நிரம்பிவிட்டது. இரண்டு பஸ் மாறிப் போகிற பள்ளியில்தான் கிடைத்தது, அதுவும் அவள் கேட்ட பாடப்பிரிவு இல்லை. கொழுந்தன் மனைவி ஒன்றும் சொல்வதில்லை, பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைப்பதோடு சரி. தெருவில், "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்டவர்களும் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்தினார்கள். கேட்டபோது இருந்ததைவிட அது பெரிய கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா கடைசியாகப் போன் செய்தபோது அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதைச் சொல்லி அழுதார். இவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

"அடுத்த வருஷம் வேற ஆஸ்பத்திரி பாப்போம். பட்டியல் எங்கயும் போயிடாது," என்றார் புருஷன்.

அவள் மறுநாளுக்கான சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷமும் வந்தது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.